நான்தான் கேஸ்

அன்பு மிகுந்த அத்தைக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். யாரிடமும் என்றால் மாமாவிடம். தினமும் அவரோடு போனில் பேசுகிறீர்கள், பேச்சுவாக்கில் "நம்ம பொண்ணு லெட்டர் போட்டிருக்கா" என்று உளறிவிட்டால் நான் தீர்ந்தேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால் உங்கள் நர்ஸ் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா நலம். நைட் டியூட்டியில் உங்களுக்குக் கால் வீங்குவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பயம், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் ஒரே போன் மாமாவின் சட்டைப்பையில் இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன். பழுதுபார்க்க வந்த ஃப்ரிட்ஜ்களில் ஒன்று இடமில்லாமல் என் அறையில் நிற்கிறது. அதில் பல்பு மட்டும்தான் வேலை செய்கிறது. கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் பள்ளி விட்டு வந்தபோது மாமா ஒரு பெரிய ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "பதினஞ்சு முடிஞ்சதும் யார்கிட்ட இருக்கணும்னு அவளையே கேட்கணும்னு கோர்ட்டுல எழுதியிருக்கே அக்கா, மறந்துட்டீங்களா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அதற்குள் கம்ப்ரஸருக்கு உயிர் வந்து கர்ரென்று கத்த ஆரம்பித்தது, மீதி என் காதில் விழவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பதினைந்து முடிகிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அம்மாவின் தம்பி என்னை வளர்க்கிறார், அப்பாவின் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பேன் பார்க்கிறார், இதில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. என் வகுப்புக் கடைசி பெஞ்சுக்காரியிடம் கேட்டேன். "கூண்டுல ஏத்தித்தான் கேப்பாங்கடி. பதில் சொல்லலைன்னா உள்ள வெச்சிடுவாங்க" என்றாள். அவளுக்குக் கோர்ட் விஷயம் எல்லாம் அத்துப்படி, அவள் அண்ணன் ஒருமுறை ஹெல்மெட் இல்லாமல் மாட்டியிருக்கிறான்.

என்னதான் எழுதியிருக்கிறது என்று நானே படித்துவிடலாம் என்று, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். பழைய கேஸ் காகிதம் வேண்டும் என்றால் நகல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கேஸ் நம்பர்?"

"தெரியாதுங்க."

"எந்த வருஷம்?"

"எனக்கு மூணு வயசு இருக்கும்போது."

"உன் வயசை வெச்சு நாங்க ரிஜிஸ்டர் எழுதலம்மா. சரி, அந்தக் கேஸ்ல நீ யாரு? வாதியா, பிரதிவாதியா, சாட்சியா?"

"நான்தான் கேஸ்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டு நம்பரைத் தேடிக்கொண்டு வரச் சொன்னார். என் பெயரை எத்தனை விதமாக அடித்தும் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கறுப்புக் கோட்டு அக்கா, "குழந்தை பேர்ல தேடினா வராது பாப்பா. சண்டை போட்டவங்க பேர்ல தேடு" என்றார். யார் சண்டை போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அரசாங்கம்தான் மாமாவோடு ஏதோ தகராறு செய்திருக்கிறது என்று நினைத்து மாமாவின் பெயரை அடித்தேன். ஒரே ஒரு கேஸ் வந்தது. மேலே உங்கள் பெயர், நடுவில் 'எதிர்', கீழே மாமா பெயர்.

அத்தை, உங்கள் பெயரில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முகவரியில் உங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸ் இருந்தது. கறுப்புக் கோட்டு அக்கா, "என்ன பாப்பா, கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நம்பரோடு போனால், மைனர் மனுப் போட முடியாது, வளர்ப்பவர் கையெழுத்து வேண்டும் என்றார் ஜன்னல் அம்மா. வேறு வழி தெரியவில்லை. டெலிவரிக்குப் போகும் ஃப்ரிட்ஜ்களின் சீட்டுகளுக்கு நடுவில் மனுவைச் செருகி மாமாவிடம் நீட்டினேன். அவர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார், போட்ட கையோடு வழக்கம்போலக் கடை முத்திரையையும் ஓங்கிக் குத்திவிட்டார். 'பழுது நீக்கப்பட்டது. ஆறு மாத உத்தரவாதம்.' மறுநாள் அதைப் பார்த்த ஜன்னல் அம்மா கண்ணாடியை மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம், "இந்தக் கோர்ட்டுல முடிஞ்ச எந்தக் கேசுக்கும் நாமளே கேரண்டி குடுத்ததில்ல சார். இவங்க மாமா குடுத்திருக்காரு பாருங்க" என்று காட்டினார். கையெழுத்து சரியாக இருந்ததால் வாங்கிக்கொண்டார்.

இன்று மாலை நகல் கைக்கு வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றே படித்தேன், என் பஸ் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. மாமா வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லை, எட்டு ஃப்ரிட்ஜ்தான் இருக்கிறது என்று நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், பகலெல்லாம் தூங்குகிறீர்கள், தூக்கத்திலும் நோயாளிகளை அதட்டுகிறீர்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார். உங்கள் வக்கீல் அவரை, குழந்தைக்குச் சடை பின்னத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. பிறகு எப்படி வளர்ப்பீர்கள்? 'அவளுக்கு இன்னும் முடியே சரியாக வளரவில்லை, அதற்குள் கற்றுக்கொள்வேன்.' இதைப் படித்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே சிரித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் மாமாவின் வக்கீல் உங்களைக் கேட்கிறார்: குழந்தை உங்களிடம் வர மறுத்தால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பதில் இல்லை. அடைப்புக்குறிக்குள் இப்படித்தான் இருக்கிறது: '(சாட்சி பதில் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.)'

அத்தை, அந்தத் தண்ணீரை யாராவது கொடுத்தார்களா? அது எழுதப்படவில்லை. மொத்தக் காகிதத்தையும் புரட்டித் தேடிப் பார்த்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில், மாமா சொன்னது அப்படியே இருக்கிறது. பதினைந்து முடிந்ததும் என்னைக் கேட்க வேண்டுமாம். அதுதான் பயம். நான் கண்ணாடி முன் நின்று பதில் சொல்லிப் பழகிப் பார்த்தேன். 'மாமா' என்று சொன்னால் நீங்கள் மறுபடியும் தண்ணீர் கேட்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டீர்கள். 'அத்தை' என்று சொன்னால் மாமா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து விடுவார், அப்புறம் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தேன், எப்படிச் சொன்னாலும் ஒரு பெயர் முதலில் வந்துவிடுகிறது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேஸைப் போட்டவர் நீங்கள்தானே. நீங்களே போய் ஜட்ஜிடம், அவளைக் கேட்க வேண்டாம், அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, அவளுக்குப் பதில் தெரிய

கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு: அக்கா, இனி எழுதுவது நான். தட்டியதும் நான்தான். கடிதத்தை நான் பிடுங்கவில்லை, அவளே நீட்டிவிட்டு அழுதாள். தபாலில் போட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் போடுகிறேன்.

மனுவில் என் நம்பர் இருந்ததால், நகல் தயார் என்று கோர்ட்டிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. "யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு வரும், அது கையிலேயே குடுத்துடுங்க" என்றேன். அவள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றிருந்தேன். அந்த நகல் நம் சண்டையோடு முடிந்துவிடும், நாம் போன வாரம் போனில் பேசிவிட்டுப் போட்ட மனு அதில் வராது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. குழந்தையை எதுவும் கேட்க வேண்டாம், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொடுத்துவிட்டோம் என்றேன். நம்பவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பேப்பர்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா நான் என்ன சொல்லணும்னு நெனச்சீங்க மாமா?" என்றாள். பால் பொங்குது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன். அடுப்பில் பாலே வைக்கவில்லை. வெகுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது தூங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களையும் இதையே கேட்பாள் அக்கா. எனக்குப் பால் கிடைத்தது. நீங்கள் இப்போதே ஏதாவது யோசித்து வையுங்கள்.