மூன்றாவது பிஸ்டனும் நம் வீட்டு நடுநிலைமையும்

என் மதிப்புக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லோரும் நலம். தங்கள் வேனும் நலம். எடுத்த எடுப்பிலேயே வேனைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று யோசிக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவராகத்தான் அதையும் சேர்த்துக்கொண்டேன். பேத்தியும் அவளைப் பெற்றவளும் சௌக்கியம் என்று போனில் சொன்னீர்கள், சந்தோஷம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டை விட்டுக் கிளம்ப யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் திங்கட்கிழமையே திரும்ப வேண்டும் என்று அடித்துப் பிடித்து வர வேண்டாம். இன்னும் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் இருந்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டே வாருங்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சும்மா பேச்சுக்கு.

ஊருக்குப் போகும்போது, "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைடா, சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொல் தட்டாதவன் நான், ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் செய்த வண்டியை உடனே அணைத்தால் அதற்கு மனசு கஷ்டப்படுமே என்று கொஞ்சம் ஓட்டினேன். ஓட்டுகிற வண்டி காலியாகப் போவானேன் என்று இவள் தன் தங்கை வீட்டில் கிடந்த மர அலமாரியை ஏற்றச் சொன்னாள். அலமாரியோடு மேம்பாலம் ஏறும்போது, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். சிவப்புக் கோடு போட்ட ஃபைல்களையே மாதக்கணக்கில் மேஜையில் வைத்திருந்து ஓய்வு பெற்றவன் நான், ஒரு முள்ளுக்கா பயப்படுவேன்? பாலத்தின் உச்சியில் வெள்ளைப் புகை வந்தது. இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. அலமாரி மட்டும் வேறொரு வண்டியில் கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நம் தெருமுனை மெக்கானிக்கைத் தெரியுமல்லவா, எதற்கும் அவசரப்படாததால் எல்லோரும் ஜெட் என்று கூப்பிடுவார்களே, அவர் நம் வாசலுக்கே வந்து இன்ஜினைப் பிரித்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனிக்கவும். ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு தகடு இருக்கிறது, அதுதான் எரிந்துபோனது, வேறொன்றும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது கதை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன தகடு மூன்று கனத்தில் வருகிறதாம். மெல்லியதற்கு ஓரத்தில் ஒரு ஓட்டை, நடுத்தரத்துக்கு இரண்டு, கனமானதற்கு மூன்று. பழையதில் எத்தனை ஓட்டை என்று பார்க்கலாம் என்று போனால், வாசலில் கரி பிடித்த தகடு கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இவள் அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். ஒன்றுதான் பார்த்தேன் என்று இவள் சொன்னாள். இரண்டு என்றார் மாப்பிள்ளை. நான் தகட்டையே பார்க்கவில்லை.

ஜெட் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பழசைப் பார்த்துப் போடறதே தப்பு சார். பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது பிளாக்கை விட எவ்வளவு தூக்கி நிக்குதுன்னு அளக்கணும். நாலுல எது அதிகமா தூக்கி நிக்குதோ, அதுக்கு ஏத்த கனம்தான் போடணும்."

அளக்கிற கருவி எங்கே என்று கேட்டால், அதை அவருடைய மச்சான் இரவல் வாங்கிப் போயிருக்கிறாராம், இரண்டு பேருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம். சமாதானம் ஆனதும் அளக்கலாம் என்றார். அவர்கள் குடும்ப விவகாரத்துக்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று சாப்பிடும்போது நாங்களே உட்கார்ந்து பேசினோம். மெல்லியதைப் போட்டால் அழுத்தம் கூடி வண்டி பறக்கும் என்றார் மாப்பிள்ளை, வீடியோ பார்த்திருக்கிறார். கனமானதைப் போட்டால் மெத்தென்று இருக்கும் என்றாள் இவள். எனக்கு ஒரு நிமிடம் கூட யோசனை தேவைப்படவில்லை. நடுவில் இருப்பதை எடுங்கள் என்றேன். எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் வேறு எதை எடுத்திருக்கிறோம், அக்கா? சட்டை என்றால் நடு அளவு, வீடு என்றால் நடு மாடி, போட்டோ எடுத்தால் நடு வரிசை. ஒரே ஒருத்திதான் ஒத்துவரவில்லை. அப்பா மூன்று வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, நடுவில் இருப்பதை எழுதிப் போடு என்று உன்னிடம் நீட்டினார். நீ மூன்றையும் மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, சலவைக் கடை வைக்கப் போகிறேன் என்றாய். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் பாதி சாப்பிட்டேன்.

இரண்டு ஓட்டைத் தகட்டைப் போட்டு மூடினோம். ஒரே சாவியில் வண்டி எழுந்தது. லேசாக டொக் டொக் என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற மரியாதையான மனிதரைப் போல. எதிர் வீட்டில் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார்கள். டீசல் வண்டி என்றால் அப்படித்தான் என்கிறார் மாப்பிள்ளை. பழகப் பழகச் சரியாகிவிடும். உன் ஆஸ்பத்திரித் துணிகளைப் பற்றியும் கவலைப்படாதே, கடைப் பெண்கள் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இந்த வாரம் மட்டும்தான் பொறுத்துக்கொள்வேன், திங்கட்கிழமை வேன் வரவில்லை என்றால் வேறு சலவைக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆஸ்பத்திரி மேலாளர் சொன்னாராம். பெரிய மனிதர்கள் ஏதாவது சொல்வார்கள், அதை விடு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இன்ஜினைத் துடைக்கும்போது, நாலில் மூன்றாவது பிஸ்டன் மட்டும் புதியது, அதைத் தாங்கும் ராடும் வேறு, நடுவழியில் உடைந்து வெளியூரில் எங்கேயோ மாற்றியிருக்கிறார்கள், அது மற்றதை விடத் தூக்கி நின்றாலும் நிற்கும் என்றார் ஜெட். எனக்குத் தெரியாமல் எப்போது நடந்தது என்று உன் கடையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் விசாரித்தேன். அத்தான் தவறிய வருஷமாம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டதாம். ராத்திரி துணி மூட்டைகள் மேலேயே படுத்திருந்து, மறுநாள் பக்கத்து ஊரில் ரிப்பேர் செய்து, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய் இறக்கினாயாம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? வேனை விற்றுவிடு, கடையைப் பாதியாகக் குறைத்துக்கொள் என்று நடுவாக ஒரு யோசனை சொல்லியிருப்பேன். அதனால்தான் நீ சொல்லவில்லை என்று புரிகிறது. புரிந்தும் வருத்தம் போகவில்லை.

இருந்தாலும், ஒரு பிஸ்டன் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம் என்பதற்காக ஒழுங்காக இருக்கும் மற்ற மூன்றையும் தொந்தரவு செய்ய முடியுமா? மூன்று பேர் நடுவில் இருந்தால் நாலாவது ஆள்தான் அனுசரித்துப் போக வேண்டும். வண்டிக்கும் அது தெரியும். எனவே எல்லாம் சுபம். நீ நிம்மதியாக இருந்துவிட்டு வா.

பேத்திக்கு என் முத்தம், மகளுக்கு என் ஆசிகள், சம்பந்தி வீட்டாருக்கு என் விசாரிப்பு, உனக்கு என் நமஸ்காரம்.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஜெட்டும் அவர் மச்சானும் சமாதானமாகி, டயல் கேஜ் என்ற அந்த அளக்கிற கருவியோடு சேர்ந்தே வந்துவிட்டார்கள். டொக் டொக் சத்தத்தைக் கேட்டதும் மச்சான் ஓடிப்போய் இன்ஜினை அணைத்தார். ஹெட் மறுபடி சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. மேலே வேன் நலம் என்று எழுதியதை அடித்துவிடவும். அளந்து பார்த்தார்கள். மூன்று பிஸ்டன்கள் இரண்டு ஓட்டைக்குச் சரியாக இருக்கின்றன. மூன்றாவது மட்டும் அந்த அளவைத் தாண்டி மயிரிழை மேலே நிற்கிறது. மேலே ஹெட்டில் அது முட்டிய தடம் லேசாகத் தெரிகிறது, இன்னும் ஒன்றும் உடையவில்லை. "மூணு ஓட்டை போட்டா மத்தது மூணும் கொஞ்சம் தளர்வா ஓடும், ஆனா எதுவும் அடிபடாது. ரெண்டே போட்டா இது முட்டி முட்டி ஒருநாள் உடையும். வண்டி உங்களுது, முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று ஜெட் உட்கார்ந்துவிட்டார். உடனே வீட்டில் கூடிப் பேசினோம். மூன்று பிஸ்டன் ஒரு பக்கம் இருப்பதால் பெரும்பான்மைக்குத்தான் மரியாதை என்று மாப்பிள்ளை, மகள், இவள் மூவரும் இரண்டு ஓட்டைக்கே கை தூக்கினார்கள். நான் மூன்று ஓட்டைக்குத் தூக்கினேன். இவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். தபாலில் போட்டால் தாமதமாகும், இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். திங்கட்கிழமை வரைக்கும் இருக்காதே, அக்கா, நாளைக்கே கிளம்பி வா. இன்னும் கையை இறக்கவில்லை, வலிக்கிறது.