கொழும்புக்குப் போன மாட்டுத் தீனி

எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருந்திருந்தால் அம்மா கட்டிக்கொடுத்த சோறு கொழும்பு நகரத்துக்குள் போயிருக்கும். தெரிந்துவிட்டது. சரியாக இரண்டே வார்த்தை சொன்னேன். சோறும் போயிற்று, வேலையும் போயிற்று.

மலைமேல் எங்கள் திருப்புலி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்தால் எங்கள் மலையில் அது ஒரு நாடு) அப்போது பள்ளியிறுதி வரை படித்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் என்றால் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்தே நான் ஒருத்திதான். (இன்றைக்கே இதை இப்படிச் சொல்கிறேன் என்றால் இருபது வயதில் எப்படிச் சொல்லித் திரிந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) கீழே விடுதியில் தங்கிப் படித்துவிட்டு மலையேறி வந்தவள், தட்டில் சாமைச் சோற்றைப் பார்த்ததும் அரிசி இல்லையா என்று கேட்க ஆரம்பித்தேன். அம்மா இன்னும் ஒரு கரண்டி அதே சாமையைப் போடுவாள்.

அந்தச் சமயம் சேலத்திலிருந்து கமலா அம்மாள் கடிதம் எழுதினார். கிராமப் பெண்களுக்கான ஒரு சங்கத்தில் மேற்பார்வை பார்ப்பவர். கொழும்பில் கிராமத்துச் சாப்பாட்டைப் பற்றி மூன்று நாள் கூட்டம். விமானச் சீட்டு அவர்களே தருகிறார்கள். மலையிலிருந்து ஒரு பெண் வந்து பேச வேண்டும். நன்றாகப் பேசினால், எங்கள் மலை நாடுகளில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டு விவரம் சொல்லித் தரும் வேலை எனக்குத்தான். கடைசி வரியில், "உங்கள் மலைச் சாப்பாட்டில் ஏதாவது கையோடு கொண்டு வா" என்று எழுதியிருந்தார்.

அம்மாவுக்குக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தியே என்றால் இதுதான் வசதி. வெள்ளைக்காரர்கள் வரும் கூட்டத்தில் சாமையை எடுத்து வைப்பதா? திருச்சியில் நல்ல பிஸ்கட் டின் ஒன்று வாங்கிக்கொள்வதாக முடிவு செய்திருந்தேன்.

அம்மாவுக்கு யாரும் அந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மகள் பயணம் போகிறாள், சோறு கட்ட வேண்டும், அவ்வளவுதான். சாமை குத்தி, புளி ஊற்றிக் கிளறி, நல்லெண்ணெய் விட்டு, வாழை இலையில் மூன்று பொட்டலம் கட்டினாள். அதன் மேல் ஒரு துணி. துணிக்குள் கரித்துண்டு.

காட்டு வழியில் சமைத்த சோறு கொண்டுபோனால் கரித்துண்டு வைப்பது எங்கள் வழக்கம். காத்துக் கருப்பு தொடாது. அடுத்த ஊருக்கு ஒரு துண்டு போதும். கடல் தாண்டுவதற்கு எத்தனை என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று துண்டு வைத்தாள். அப்படியும் சந்தேகம் தீராமல், வாசல் கதவிலிருந்து விரல் நீள ஆணி ஒன்றைப் பிடுங்கி அதையும் வைத்தாள். கதவு ஒரு பக்கமாகத் தொங்கிற்று.

அப்போது மலைக்கு பஸ் ரோடு கிடையாது. அடிவாரம் வரை என் டிரங்குப் பெட்டியை அம்மாதான் தலையில் சுமந்து வந்தாள். நான் முன்னால் கைவீசி நடந்தேன். பஸ் வந்ததும் சோற்று மூட்டையை என் மடியில் வைத்துச் சொன்னாள்: "பெட்டி எங்க வேணா போவட்டும். சோத்தைக் கைய உட்டு எறக்காதே கண்ணு."

திருச்சியில் அதைப் பெட்டிக்குள் திணித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிஸ்கட் டின்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய உடனே விமான நிலைய ஆள் ஒருவர் வந்து பெட்டியை எடை போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, பிஸ்கட் மரியாதையாக விமானத்தின் வயிற்றில் போயிற்று. சாமை என் காலடியில் வந்தது. விமானம் மேலே ஏற ஏறப் புளி வாசனையும் ஏறிற்று. பக்கத்து சீட்டுப் பெண் சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். நானும் என் வெறும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன், வாசனை வேறு யாரிடமிருந்தோ வருகிறது என்பது போல.

கொழும்பில் சுங்க அதிகாரி மூட்டையைக் காட்டி, என்ன இது என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் பின்னால் அதே கைக்குட்டைப் பெண். அவளுக்குப் பின்னால், அதே விமானத்தில் வந்த கமலா அம்மாள். என் வாழ்நாளில் முதல் முதலாக ஓர் அதிகாரி என்னிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்கிறார். தலையை நிமிர்த்திச் சொன்னேன்:

"கேட்டில் ஃபுட்."

அவர் முடிச்சை அவிழ்த்தார். இலையைப் பிரித்து முகர்ந்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, மனுசர் தின்னுற சமைச்ச சாப்பாடு எண்டால் தாராளமாய்க் கொண்டு போகலாம். மாட்டுத் தீனி எண்டால் விடேலாது. எங்கட மாடுகளுக்குக் கோமாரி வந்திடும். வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ, இது ஆருக்கு?"

அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். 'எனக்கு' என்று ஒரு சொல் போதும். நான் கைக்குட்டைப் பெண்ணைப் பார்த்தேன்.

"மாட்டுக்குத்தான்," என்றேன்.

"குடுத்து வச்ச மாடு," என்றார். "கரியும் தின்னுமோ?"

"செரிமானத்துக்கு," என்றேன்.

ஆணியைத் தூக்கிக் காட்டினார். படிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இரும்புக்குத் தடை கிடையாது என்று ஆணியை என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று பொட்டலத்தையும் ஒரு தகர டின்னில் போட்டு மேலே ஏதோ மருந்தை ஊற்றினார். கமலா அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் நீளமாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஊர்ச் சாப்பாட்டை அதில் வைத்துப் பேச வேண்டும். ஒருத்தி கேழ்வரகுப் பிட்டு, ஒருத்தி கிழங்கு, ஒருத்தி கீரை. நான் பிஸ்கட் டின். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையில் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"தினமும்," என்றேன். அதற்கு மேல் பேசுவதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா முதலில் சோற்றைப் பற்றித்தான் கேட்டாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், வெள்ளைக்கார அம்மாள் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்றேன். அம்மா நாலு வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். ஆணியைக் கல்லால் தட்டிக் கதவில் ஏற்றினாள்.

சில மாதம் கழித்து, அந்த வேலைக்கு எடுத்த நாமக்கல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கமலா அம்மாள் மலையேறி வந்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா புளிச்சாமை கிளறினாள். அந்தப் பெண் நோட்டைத் திறந்துவைத்து, எத்தனை பங்கு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டாள். கமலா அம்மாள் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, தப்பாக ஒன்றும் நினைக்காமல், கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தகர டின் வரைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு மிச்சச் சோற்றை வழித்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டி, மாட்டிடம் சொன்னாள்:

"தின்னு சாமி. கொழும்புக்குப் போவ வேண்டியது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் பெயர் கொழும்பு. 'கொழும்புல தண்ணி இருக்குதா பாரு' என்கிறார் அப்பா. 'கொழும்பக் கழுவியாச்சு' என்கிறாள் என் தங்கை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், இந்த மலையில் இவ்வளவு கொழும்புப் பேச்சா என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

நான் இப்போது கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அம்மா சோறு கட்டித்தான் தருகிறாள். சாமைதான். எண்ணெய் முன்பைவிடத் தாராளம். கரித்துண்டு மட்டும் வைப்பதில்லை. மறந்துவிட்டாளோ என்று போன மாதம் கேட்டேன்.

அம்மா முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாட்டுத் தீனியக் காத்துக் கருப்பு தொடாது கண்ணு."