ஹுதைபா பாலத்துக்கு விளக்கேற்றிய பராக்கிரமம்

வாழ்க ஹுதைபா! மாவலி வளைந்தோடும் மலைநாட்டில், திகனப் பெருவீதியில் புடவைக்கடை நடத்தும் புரவலனே, முழக்கோல் ஏந்திய மொய்ம்பனே, சட்டைத்துணியும் திரைச்சீலைத்துணியும் இம்மி பிசகாது அளந்தளித்த செங்கையனே, கணினி முன் அமர்ந்தால் கட்டைகளால் உலகம் சமைக்கும் கைதேர்ந்த சிற்பியே, நின் வீரம் பாடப் புகுந்தோம்! கேட்போர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கக் கடவர்.

கட்டைமேல் கட்டை அடுக்கி மலையும் ஊரும் எழுப்புகின்ற அவ்விளையாட்டில், இவ்வீரன் பல மாதம் பாடுபட்டு, பேராறு ஒன்றின்மேல் பெரும்பாலம் கட்டினான். இருமருங்கும் விளக்கு நாட்டினான். பொழுது சாய்ந்ததும் அவை தாமாகவே எரிய வேண்டும் என்று, வெளிச்சம் உணரும் கட்டை ஒன்றைப் பாலத்தின் நடுவே பதித்தான். வானத்தைப் பார்த்துப் பகலா இரவா என்றறிந்து, சிவப்புத்தூள் பாதை வழியே விளக்குகளுக்கு ஆணை அனுப்புவது அக்கட்டையின் கடமை.

பதித்த அன்றே அவ்வுலகில் மழை கொட்டியது. பதறினான் வீரன்! திகனவில் பிறந்தவன் கரண்ட் சாமானை மழையில் விடுவானா? அவன் வீட்டுத் தண்ணீர் மோட்டருக்குத் தகரக்கூடு உண்டு, வாசல் மணிக்குப் பொலித்தீன் உறை உண்டு, கேட் விளக்குக்குக் கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பா உண்டு. ஆகவே அக்கட்டையைச் சுற்றி நான்கு கற்சுவரும் மேலே ஒரு கற்கூரையும் எழுப்பி, தாய்க்கோழி குஞ்சைக் காப்பதுபோல் காத்தான். பிறகு நிம்மதியாக உறங்கினான்.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறையன்று மாலை, அக்குறணையிலும் கத்தாரிலும் உள்ள சொந்தக்காரர் யாவரும் அவ்வுலகினுள் புகுந்து பாலம் கடப்பதாக ஏற்பாடு. விளக்கு எரியாவிட்டால் குடியா முழுகிவிடும் என்பீர்கள். அக்குடும்பத்தை அறியாதவர் பேச்சு அது! அங்கே ஒருவன் ஒருமுறை சறுக்கினால் பட்டப்பெயர் ஒட்டும். ஒட்டினால் தலைமுறைக்கும் போகாது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மடியில் ஆணம் என்னும் குழம்பைக் கொட்டிய ஒருவரின் பேரன், படித்துப் பட்டம் பெற்று வந்தும் ஆணம் டொக்டர்தான். ஹுதைபாவுக்காக ‘பியூஸ் போன ஹுதைபா’ என்னும் பெயரைக் கத்தார் மச்சான் ஸாகி முன்கூட்டியே தீட்டிக் கூராக்கி வைத்திருந்தான்.

போயாவும் வந்தது. பிற்பகலில் வெள்ளோட்டம் பார்த்தான் வீரன். அந்தோ! அவ்வுலகின் நட்டநடுப் பகலில், சூரியன் உச்சியில் நிற்க, விளக்குகள் அத்தனையும் வெட்கமின்றி எரிந்தன. அக்கட்டையைத் தட்டினால் அதன் குணம் தலைகீழாகும் என்பது விதி. கல்லொன்றைப் பெயர்த்து உள்ளே புகுந்து, சாரல் புகாதபடி அக்கல்லை மறுபடி பொருத்திவிட்டே தட்டினான். வெளியே வந்து பார்த்தால் விளக்குகள் அணைந்திருந்தன. ஆனால் நிமிடக்கணக்கில் பொழுது புரளும் அவ்வுலகில் இரவு வந்தும் எரியவில்லை! மீண்டும் தட்டினான், எரிந்தவை விடிந்தும் அணையவில்லை. ஒன்றில் எப்போதும் எரிந்தன, இல்லையேல் எப்போதும் எரியவில்லை.

கொதித்தெழுந்தான் கோமகன். சிவப்புத்தூளை வாரியெறிந்து புதுத்தூள் தூவினான். விளக்குகளைப் பிடுங்கினான், மறுபடி நாட்டினான். பழைய கட்டையை உடைத்தெறிந்து புதுக்கட்டை பதித்தான். மறவாமல் கூரையையும் சுவரையும் முன்னிலும் தடிப்பாக எழுப்பினான். பின் கதிரையை விட்டெழுந்து, கர்ச்சித்தான்: “கேள் கட்டையே! இன்று நீ பிழைப்பாய், அல்லது நான் பிழைப்பேன். இருவரும் பிழைக்க இப்பாலம் தாங்காது!” கட்டை அசையவில்லை; விளக்குகள் பகலிலும் எரிந்தபடியே நின்றன. வீரனுக்கு அழுகை வந்தது. அதை மறைப்பானேன், வந்தது.

அவ்வேளை, அவன் மனைவியும் அவ்வுலகின் ஆட்டுமந்தைகளுக்கெல்லாம் அரசியுமாகிய கைரியா, சோபாவில் சாய்ந்தபடி போனில் தன் ஆடுகளை மேய்த்துக்கொண்டு பாலத்தடிக்கு வந்து சேர்ந்தாள்.

“நடுப்பாலத்துல ஆள அடக்கின கப்ரு மாதிரி ஒண்டு ஈக்கே, அதுக்குள்ள எனத்த வெச்சீக்கிறீங்க?”

“வெளிச்சம் பாக்கிற கட்ட. மழைல நனஞ்சா ஷோட் அடிச்சிரும், அதான் மூடி வெச்சன்.”

“நாலு பக்கமும் மூடி, மேலயும் மூடினா, அது வெளிச்சத்த எங்கால பாக்கிற?”

முழக்கோல் ஏந்திய மொய்ம்பன் பாய்ந்து கதிரையில் அமர்ந்தான். கோடரி எடுத்தான். கூரை வீழ்ந்தது! சுவர் சரிந்தது! அவ்வுலகின் உச்சிவெயில் கட்டைமேல் பட்ட கணமே, எரிந்துகொண்டிருந்த விளக்குகள் யாவும் அணைந்தன. விளக்கு அணைந்ததற்காக ஒரு மனிதன் துள்ளிக் குதித்ததைத் திகன நகரம் அன்றுதான் கண்டது. கைரியாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

மாலையில் சொந்தங்கள் வந்து குவிந்தன. குதிரையில் சிலர், கழுதையில் சிலர், வழிதவறி ஆற்றில் விழுந்தோர் சிலர். அவ்வுலகின் சூரியன் சாய்ந்தது, இருள் கவிந்தது, இருட்டில் பிறக்கும் பிசாசுகள் கரையில் உறுமின. அக்கணம், ஒருவரும் கைவைக்காமல், பாலம் முழுதும் பளீரென்று எரிந்தது! “மாஷா அல்லாஹ் மச்சான், அந்த மாதிரி!” என்று ஸாகியே வாய்விட்டுச் சொன்னான். தீட்டி வைத்த பெயர் அவன் வாய்க்குள்ளேயே மடிந்தது. ஹுதைபா வென்றான்! தலைமுறைகள் தப்பின! நெஞ்சு நிமிர்ந்த வீரன், வந்தவர்க்கெல்லாம் வழிகாட்டியபடி பாலத்தின்மேல் பவனி வந்தான்.

பவனி பாதியில் நிற்கையில், கைரியா சிரிப்பை அடக்கமாட்டாமல் மைக்கைத் திறந்து, “ஸாகி, ஒங்கட மச்சான் அந்தக் கட்ட நனஞ்சிருமெண்டு அதுக்குக் கூர போட்டு வெச்சீந்த!” என்றாள். உடனே கத்தாரிலிருந்து இடிபோல் முழங்கியது ஸாகியின் பெரும்பிரகடனம்: “அப்ப இண்டைலீந்து இவரு குடை ஹுதைபா!” அக்குறணை ஆரவாரித்தது; கழுதைகளும் கனைத்தன.

மறுநாள் காலை அடுத்த கடை றிஸ்வி வந்து, “குடை, பிளேன்டீ குடிக்கப் போவமா?” என்று கேட்டார்.