நாலு வார்த்தை பேசணும்

"தெருவிலேயே நீங்க ஒருத்தர்தான் கொரோனா விதி மீறாதவங்க. எப்படிம்மா முடியுது?" என்று சுகாதார ஆய்வாளர் கேட்டபோது தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மையை எப்படிச் சொல்வது? நோய்க்குப் பயந்தல்ல, ஆட்களுக்குப் பயந்துதான் அவள் வீட்டுக்குள் கிடந்தாள். முகக்கவசமும் ஆறடி இடைவெளியும் அவள் சின்ன வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வரம்.

"ஞாயித்துக்கிழமை தெருமுனையில கூட்டம். மைக்குல நீங்க நாலு வார்த்தை பேசணும்," என்று கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன்' சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு.

"என்னங்க, தொண்டை வலின்னு சொல்லிடுங்களேன்."

கணவனும் போன் போட்டுச் சொன்னான். காலம் தெரியாமல் சொன்ன பொய்! அரை மணியில் நர்ஸ் வந்து மூக்கில் குச்சியை விட்டாள். கதவில் சிவப்புத் தாளை ஒட்டினாள்.

"முடிவு வர்ற வரைக்கும் யாரும் வெளியே வரக்கூடாது."

"ஐயோ, என் வேலை? இவளுக்கு வலி அப்பவே போயிடுச்சும்மா!"

"வந்த வேகத்துல போச்சா? அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். காலையிலேருந்து யார் யார் வந்தாங்க?"

மாடி வீட்டு அக்கா சட்டை வாங்க வந்திருந்தாள். அவள் கதவிலும் சிவப்புத் தாள்.

"ஏன்டி, காலையில நல்லாத்தானே இருந்தே?" என்று மாடியிலிருந்து இடி இறங்கியது. "நான் என்ன பாவம் பண்ணினேன்?"

தையல்காரி மிஷினுக்குப் பின்னால் பதுங்கினாள்.

ஞாயிறு வந்தது. மாடி வீட்டு அக்காவும் கேட்கட்டும் என்று கூட்டத்தையே இவள் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ் சிவப்புத் தாளைக் கிழித்தாள்.

"நோய் எதுவும் இல்லம்மா. வாங்க, மைக் தயார்."

வெளியே நாற்பது தலைகள். நடுவில் மைக்கைப் பிடித்தபடி ஆய்வாளர். இனி ஒளிய இடமில்லை. தையல்காரி முகக்கவசத்துக்குள் முனகினாள்.

"எனக்குத் தொண்டை வலியே இல்லம்மா. பேசப் பயம். அதான் பொய் சொன்னேன்."

நர்ஸ் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களுமா? கூட்டத்துல பேச வேண்டியதே ஆய்வாளர்தாங்க. மைக்கைக் கண்டாலே உதறல்னு, ஒழுங்கா இருக்கறவங்களாத் தேடிப் பிடிக்கிறார். இது நாலாவது தெரு, நாலு தெருவுலயும் தொண்டை வலி!"

காதில் விழுந்துவிட்டது போலும். ஆய்வாளர் மைக் வயரைச் சுருட்டினார். தையல்காரியைப் பார்த்தார். அவளுக்கு மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அவர் லேசாகத் தலையசைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.