ஞானி மறந்த ஸ்டெப்னி

சக்கரஞானியின் ஷெட்டுக்கு முன்னால் கார்கள் இரண்டு தெருவை வளைத்து நின்றன. ஆஸ்பத்திரியில்கூட மக்கள் அவ்வளவு பொறுமையாக வரிசையில் நின்றதில்லை. அங்கே டாக்டர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் கூச்சல் போடுவார்கள். இங்கே அரை நாள் வெயிலில் காய்ந்துவிட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று கும்பிட்டார்கள்.

ஞானியின் முறை எளிமையானது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வார். டயரில் காதை வைப்பார். சின்ன ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. டயர் ஏதோ சொல்லும். எந்த மொழியில் என்று யாரும் கேட்டதில்லை. அப்புறம் வண்டிக்காரரின் பிறந்த தேதியைக் கேட்பார், விரலை மடக்குவார், ராசி எண்ணை அறிவிப்பார். அந்த எண் போட்ட டயரும், அதற்கேற்ற பெரிய ரிம்மும் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தன. கடை ஞானியின் மச்சானுடையது. அருள் வரும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது.

மாட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து சாட்சி வேறு சொன்னார்கள்.

"லிட்டருக்குப் பதினஞ்சு குடுத்த வண்டிங்க. இப்ப பதினாறரை குடுக்குது!"

"எண்பதுல போறேன், கையில இருக்கிற டீ தளும்பவே இல்ல!"

"மிதிச்சா பாயுது சார், பாயுது!"

இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார் ஒரு வாடகைக் கார்க்காரர். அவருக்கு ஊரில் 'மீட்டர்' என்று பெயர். ஆள் ஏறும்போது டாஷ்போர்டில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைக் காட்டுவார், இறங்கும்போதும் காட்டுவார். இடையில் ஓடியதற்குத்தான் வாடகை. பேரமும் கிடையாது, பொய்யும் கிடையாது. அந்தப் பெயரைத் தவிர அவருக்குச் சொத்து என்று எதுவும் இல்லை. அதைக் காப்பாற்ற அவர் எந்த ஞானியிடமும் போகவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் போனார்.

அவர் முறை வந்தது. சுத்தியல் தட்டியது, டயர் பேசியது.

"ரிம்மை ஒரு இன்ச் பெருசாக்கு. டயர் எண் நாப்பது."

மீட்டர் தலையைச் சொறிந்தார். டயரின் பக்கச்சுவர், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர், எவ்வளவு உயரம் என்பதைத்தான் அந்த எண் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அவர் காரில் இருந்தது அறுபத்தைந்து. "சாமி, ரிம் ஒரு இன்ச் ஏறினா அம்பத்தஞ்சு போடணும்னு சொல்வாங்களே?"

ஞானி காதைப் பொத்திக்கொண்டார். "அம்பத்தஞ்சா! அஞ்சும் அஞ்சும் பங்காளிங்கப்பா. ஒரே டயர்ல வச்சா ரோட்டுலயே அடிச்சுக்கும். நாப்பதுல சைபர் வருது பாரு, தடையே இல்லாத எண்."

வரிசையில் நின்றவர்கள் "ஆகா" என்றார்கள். இத்தனை வருடம் வண்டி ஓட்டிக் கற்றதை மீட்டர் அந்த ஒரு 'ஆகா'வில் விழுங்கிவிட்டார். நாலு சக்கரமும் மாறின. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை மட்டும் ஞானி தொடவில்லை. "தூங்குற சக்கரத்துக்கு அருள் எதுக்கு?" என்றார். உண்மையில் டிக்கியைத் திறக்க அவருக்குச் சோம்பல்.

புதுச் சக்கரங்கள் பளபளத்தன. வேகத்தடை வந்தால் மட்டும் காரின் அடிவயிறு கரகரவென்று உரசியது. அதைப் போய்ச் சொன்னதற்கு, "பூமியோட தொடர்பு ஏற்பட்டிருக்கு" என்று பதில் வந்தது.

அந்த வாரம் ஜவுளிக்கடை அம்மா வண்டியில் ஏறினார். பக்கத்து ஊரில் அவருக்கு இன்னொரு கடை. பத்து வருடமாக வாராவாரம் மீட்டரின் வண்டிதான். வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு முப்பது கிலோமீட்டர். அது இருவருக்குமே மனப்பாடம். அன்று இறங்கும்போது மீட்டர் வழக்கம்போல எண்ணைக் காட்டினார். கழித்துப் பார்த்தால் முப்பத்துமூன்று.

"ரோடு நீண்டுடுச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா... வந்த வழிதானே..."

"அப்ப என் கடையைத் தள்ளி வச்சுட்டாங்களா?"

மீட்டர் குனிந்து டாஷ்போர்டை மறுபடியும் பார்த்தார். அம்மா சண்டை போடவில்லை. முழு வாடகையையும் எடுத்து சீட்டில் வைத்தார். "அடுத்த வாரம் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மீட்டர் வீடு வந்து சேர்ந்தார். "என்னைத் திருடன்னு நெனச்சுட்டாங்கடி" என்று மனைவியிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

"நெனைக்காம? மூணு கிலோமீட்டரை எங்கேருந்து கொண்டு வந்தீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"மைலேஜ் கூடியிருக்குல்ல, அதனால..."

"ஏங்க, மைலேஜ் கூடினா பெட்ரோல்தான் குறையணும். ஊர் எப்படிங்க தூரமாகும்?"

மறுநாள் கடை திறக்கும் முன்பே மீட்டர் ஜவுளிக்கடை வாசலில் நின்றார். ஞானி, சுத்தியல், நாற்பது, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் கல்லாப்பெட்டி அதிரச் சிரித்தார்.

"இது எங்க கடைத்தெருவுல அரதப் பழசான வித்தைங்க. மீட்டர் கோலை ஓரத்துல கொஞ்சம் அறுத்துட்டு அளந்து பாருங்க, துணி தானா நீளும். உங்க வண்டி ரோட்டையா அளக்குது? சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுது, அவ்வளவுதான். சக்கரத்தைக் குட்டையாக்கிட்டா சுத்து கூடத்தானே செய்யும்? ஆமா, ஸ்டெப்னியையும் மாத்திட்டாரா?"

"இல்லம்மா."

"அப்ப வண்டியை எடுங்க" என்று மேசையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டார்.

ஷெட்டில் அன்றும் திருவிழாக் கூட்டம். அம்மா கும்பிட்டபடியே உள்ளே போனார். "சாமி, ஒரு சின்ன ஆசை. இந்தப் பழைய ஸ்டெப்னி பத்துச் சுத்து உருளட்டும். நீங்க அருளின சக்கரமும் பத்துச் சுத்து உருளட்டும். எது ரொம்ப தூரம் போகுதுன்னு எல்லாரும் பாத்து ஆனந்தப்படுவோம்."

கூட்டம் கைதட்டியது. ஞானியால் மறுக்க முடியவில்லை. அவரே வளர்த்த கூட்டம் அது. மீட்டர் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். இரண்டு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு விழுந்தது. ஒரே இடத்திலிருந்து தொடக்கம். ஸ்டெப்னியை மீட்டர் உருட்டினார். அருள் சக்கரத்தை, அம்மாவின் பணிவான வேண்டுகோளின்படி, ஞானியே குனிந்து உருட்டினார். கோடு தரையைத் தொடும்போதெல்லாம் கூட்டம் உரக்க எண்ணியது.

பத்து.

ஸ்டெப்னி முன்னால் போய் நின்றது. ஞானி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இடையில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். ஒருவர் படுத்தே காட்டிவிட்டார்.

"புதுச் சக்கரத்துக்குக் கொஞ்சம் அடக்கம் ஜாஸ்தி" என்றார் ஞானி.

"அடக்கம் இல்ல, குட்டை!" மீட்டருக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. "ரிம் பெருசானா ரப்பர் சுவர் குறையணும், சரி. ஆனா சக்கரத்தோட மொத்த உயரம் மாறக் கூடாது. இந்த ஆளு சுவரை அளவில்லாம குறைச்சுட்டாரு. மைலேஜ் கூடல, கிலோமீட்டர்தான் சுருங்கிடுச்சு! எண்பதுல போனா டீ தளும்பலைன்னீங்களே, நீங்க போனது எழுபத்திரெண்டுல. குட்டைச் சக்கரம் கிளம்பும்போது நல்லாத்தான் பாயும், அதுல அருளும் இல்ல, மண்ணும் இல்ல."

அம்மா கூட்டத்தைப் பார்த்தார். "உங்க ராசி எண் என்னங்க?"

"நாப்பது."

"உங்களுக்கு?"

"நாப்பது."

"எனக்கும் நாப்பதுதான்... நான் வேற மாசமாச்சே!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் ஒரே வரிசையில் நின்றவர்கள், பக்கத்தில் நின்றவரின் எண்ணை அதுவரை தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை. ஒருவர் போய் மச்சானின் கடைக்குப் பின்னால் இருந்த ஷட்டரைத் தூக்கினார். கூரைவரை டயர். விலை போகாமல் தூசி படிந்த நாற்பதுகள்.

"அம்பத்தஞ்சு ஏன்யா வைக்கல?" என்று மீட்டர் மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

"ஸ்டாக் இல்லண்ணே" என்றான் மச்சான். அந்தக் குடும்பத்தின் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். அதற்குள் ஞானி கண் துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பின்வாசல் வழியே போய்விட்டார். வழி நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

அன்றே மீட்டர், மச்சான் கடையில் கிடந்த தன் பழைய சக்கரங்களை எடுத்து மாட்டினார். அந்த வாரம் வண்டியில் ஏறிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஜவுளிக்கடை அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கார்க் கதவைத் திறந்து ஏறினார். இறங்கும்போது மீட்டர் எண்ணைக் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

கூட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? இரண்டு தெரு தள்ளி ஒருவர் பேட்டரிக்கு ஆயுள்ரேகை பார்க்கிறாராம். வரிசை இப்போது அங்கே நிற்கிறது. போகிறவர்கள் போகட்டும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: கழுத்துக்கு மேலே இருப்பது ஸ்டெப்னி இல்லை ஐயா, வழியில் பஞ்சரானபிறகு வெளியே எடுப்பதற்கு. அதைத் தினமும் ஓட்டுங்கள்.