முதலாளி அறைக்குப் போன அம்பு

நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டங்களுக்குக் குறைவே இல்லை. குடியிருப்புகளுக்கே ஒன்றாம் வட்டம், இரண்டாம் வட்டம் என்றுதான் பெயர். ஆனால் கால் முளைத்து, தோளில் லேப்டாப் பையோடு வந்து, நம் டீ டம்ளரைப் பிடுங்கி, அதன் அடி ஈரத்தால் மேஜையில் ஒரு சுழி போட்டு, "இதுதான் சார் உங்க பிரச்சினை" என்று சொல்லும் வட்டம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் கம்பெனிக்கு வாய்த்தது.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்கள் தேய்ந்துபோனால் அவற்றை வாங்கி வந்து பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது. எனக்குத் திட்டமிடல் பிரிவு. அதாவது, எந்த வேலை எப்போது முடியும் என்று தவறாகச் சொல்வது என் பொறுப்பு. எதுவுமே சொன்ன நாளில் முடியாது. பட்டறையில் ஆட்கள் சோம்பேறிகள், அதனால்தான் தாமதம் என்று எம்.டி. நம்பினார். அதையே வெளியாள் ஒருவர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதற்காகச் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர்தான் நம் வட்டம் சார். அவர் பிழைப்புக்குப் பெயர் சிஸ்டம் டைனமிக்ஸ். எது எதைத் தூண்டுகிறது, அது திரும்பி வந்து எதைத் தூண்டுகிறது என்று அம்புகளாகப் போட்டு, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. அம்புகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்துவிட்டால் மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

முதல் நாள் எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்தார். "ஒரு பாத்டப்ப மனசுல நினைச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார்.

ஃபோர்மேன் கலியபெருமாள் எழுந்தார். "குவார்ட்டர்ஸ்ல ஏதுங்க சார் பாத்டப்பு? பக்கெட்டுதாங்க."

"சரி, பக்கெட். உள்ள வர்றது, வெளிய போறது, நடுவுல தேங்குறது. கம்பெனின்னா இவ்வளவுதான்." வெறும் வாயால் சொன்னால் மனதில் நிற்காது என்று பக்கத்தில் இருந்த வாளியை எடுத்தார். வெளியே போவதைக் காட்ட வேண்டுமே என்று, யாரும் தடுப்பதற்குள், ஆணி வைத்து அதன் அடியில் ஒரு ஓட்டை போட்டார். எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. கேன்டீன் செல்வி அக்காவுக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது. அது சாம்பார் வாளி.

"இந்த ஆள உள்ள வுட்டது யாரு?" என்ற அவர் குரல் கேட் வரைக்கும் கேட்டது.

பிராயச்சித்தமாக செல்வி அக்காவின் வடைப் பிரச்சினையைத் தீர்த்துத் தருவதாக வட்டம் சார் வாக்குக் கொடுத்தார். அவர் கண்டுபிடித்தது இது: தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஆளுக்கு மூன்று வடை எடுக்கிறோம். மூன்று மூன்றாக எடுப்பதால் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துவிடுவதால் மறுநாள் பயம் கூடுகிறது. "தன்னைத்தானே வளர்க்குற சுழல்! பயத்தக் குறைச்சா போதும்" என்றார். மறுநாள் கேன்டீன் வாசலில் பெரிய அறிவிப்பு: 'மாலை வரை அனைவருக்கும் வடை உண்டு. அச்சம் வேண்டாம்.'

அதுவரை வடையைப் பற்றி யாருக்கும் பெரிய அச்சம் இருந்ததில்லை. அறிவிப்பைப் பார்த்ததும் வந்துவிட்டது. ஏதோ நடக்கப் போகிறது என்று ஆளுக்கு ஆறாக அள்ளிக்கொண்டு போனார்கள். வட்டம் சார் வெறும் தட்டைப் பார்த்து, "பலன் தெரிய கொஞ்சம் காலதாமதம் ஆகும்" என்றார். பக்கத்தில் சட்னி மட்டும் இருந்தது.

காடாம்புலியூரில் கலியபெருமாள் வீட்டுக் காதுகுத்துக்கு அவரையும் அழைத்தது அடுத்த தவறு. பந்தியில் கலியபெருமாளின் அண்ணன்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்திரித் தோப்பு வரப்புச் சண்டை. பேசிப் பல வருஷம் ஆகிறது. விஷயம் காதில் விழுந்ததும் வட்டம் சார் இலையில் ரசத்தால் ஒரு சுழி போட்டார். "நீங்க பேசாததால அவர் பேசல. அவர் பேசாததால நீங்க பேசல. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. அமைப்பு அப்படி."

அண்ணன்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "எங்க வூட்டு வெவகாரம் ஒனக்கு இன்னாத்துக்குய்யா?" என்றார் பெரியவர். "நல்லா கேளுண்ணா!" என்றார் சின்னவர். அந்தக் கணத்திலிருந்து அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கலியபெருமாள் விருந்தாளியை அள்ளி பைக்கில் போட்டுக்கொண்டு பறந்தார். பின்சீட்டில் இருந்து, "பாத்தீங்களா, மாடல் வேலை செய்யுது!" என்ற குரல் வந்துகொண்டே இருந்ததாம்.

இதற்கிடையில் மனிதர் தினமும் பட்டறைக்குள் உட்கார்ந்து, வெல்டிங் பொறி மேலே தெறிக்க, எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கை தரும் நாள் வந்தது. மீட்டிங்குக்கு முன் நான் புரொஜெக்டரைப் பொருத்திக்கொண்டிருந்தபோது எம்.டி. உள்ளே வந்து, வட்டம் சார் லேப்டாப்பில் வைத்திருந்த படத்தைப் பார்த்தார். எங்கெங்கோ சுற்றிய அம்புகளில் தடித்த அம்பு ஒன்று 'எம்.டி. அறை' என்று எழுதிய பெட்டியில் போய் நின்றது.

"சார், அந்த ஒரு அம்ப மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுத்தா மாடல் ஓடாதுங்க."

"ஓட வேணாம் சார். நின்னா போதும்."

வட்டம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தும் அம்பை எடுக்கவில்லை.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னார். "ஒரு ரோலரப் பிரிச்சு வேலை பாக்கும்போது எம்.டி. ரூம்லேர்ந்து 'அவசரம்'னு போன் வருது. பிரிச்சத ஓரமா வெச்சுட்டு வேற ஒண்ண எடுக்குறாங்க. ஓரமா வெச்சது லேட்டாகுது. அதுக்கு உரியவங்க சாருக்குப் போன் பண்ணித் திட்டுறாங்க. சார் மறுபடியும் 'அவசரம்'ங்குறாரு. ஆளக் குறைச்சா இது இன்னும் மோசமாகும்." திரையில் தாமதத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று கூரையை நோக்கி ஏறியது.

எம்.டி. முகமும் அதே நிறம். "நானா? நான் என்னைக்காவது உங்க வேலைக்குக் குறுக்க வந்திருக்கேனா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். கான்ட்ராக்ட் ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அந்தப் பதிலில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது.

அப்போது எம்.டி.யின் போன் அடித்தது. எடுத்தார். "ஆமாங்க... இன்னும் வரலையா? இதோ, இப்பவே!" போனைக் காதிலிருந்து எடுக்காமலே கலியபெருமாளிடம் திரும்பினார். "யோவ், கையில இருக்கிறத எல்லாம் அப்படியே போட்டுட்டு இவங்களோடத எடு. அவசரம்!"

கலியபெருமாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு யாராலும் முடியவில்லை. சுவரோரம் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எம்.டி. போனை மேஜை மேல் குப்புற வைத்தார்.

"மீட்டிங் முடிஞ்சுது" என்றார்.

வட்டம் சாரின் பணியும் முடிந்தது. ஆனால் ஆள் குறைப்புப் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. கொஞ்ச நாளில் பட்டறையில் புதுப் பலகை தொங்கியது: 'எடுத்த வேலையை முடித்த பிறகே அடுத்த வேலை.' கீழே, 'நிர்வாக இயக்குநரின் புதிய சிந்தனை.' இப்போது ரோலர்கள் சொன்ன நாளில் போகின்றன. என் பிரிவில் பொய் சொல்லும் திறமைக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

இதையெல்லாம் பார்க்க மனிதர் இங்கே இல்லை. மீட்டிங்குக்கு மறுநாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். வழியனுப்ப நானும் கலியபெருமாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கலியபெருமாள் தோளில் ஒரு பலாப்பழம். "அண்ணனுங்க ரெண்டு பேரும் சேந்து பறிச்சுக் குடுத்தாங்க. வேணாம்னு சொல்லிடாதீங்க சார்" என்று அதை அவர் கையில் ஏற்றினார். வட்டம் சார் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

பஸ் நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன். பலாப்பழம் ஜன்னலோர சீட்டில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. மனிதர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு எங்களுக்குக் கையாட்டினார். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.