பத்துக் கோடு போட்ட கம்பு

எழுபத்தொரு வயதில் எனக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தது. அது பொய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் இருந்த பயம் சுத்தமான மெய்.

என் மகள் சித்ராவுக்குத் திருவனந்தபுரத்தில் கணினி வேலை. கூட வேலை பார்க்கும் அனந்துவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். அனந்துவின் அப்பா நீலகண்டன் ஒருநாள் போன் செய்தார். நெய்யாறு அணையின் நீர்த்தேக்கக் கரையில் அவர்களுக்குச் சின்னதாக ஓர் ஓய்வு வீடு உண்டாம்.

"கல்யாணப் பேச்செல்லாம் பெறவு. சனி ஞாயிறு வந்து சும்மா ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி" என்றார்.

முழங்கால் வலியால் என் மனைவி வரவில்லை. பாளையங்கோட்டையில் என்னை வழியனுப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அங்க போயி எதையும் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. பிள்ளை வாழப்போற வீடு. உங்க வாயால அது கெட்டுறக் கூடாது."

(முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரம் சேகரித்துச் சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிற பேச்சா இது?)

சனிக்கிழமை காலை சித்ராவோடு அங்கே போய் இறங்கினேன். எங்கே திரும்பினாலும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. வாசலிலிருந்து தண்ணீர் வரை புல் சரிவு, இருபத்தேழு எட்டுதான். பொன்முடிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

அனந்துவின் அம்மா பகவதியம்மாள் புட்டும் கடலையும் பரிமாறியபடி, "அண்ணாச்சிக்கு மீன்ல எது இஷ்டம்?" என்று கேட்டார். மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வரால் குழம்பு சாப்பிட்டு வருஷமாச்சு" என்றேன். அந்த ஒரு வாக்கியம் என்னென்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

சாப்பிட்டதும் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சவுக்குக் கம்பை எடுத்தேன். நான்கு விரல் இடைவெளியில் கத்தியால் பட்டையைச் சீவிப் பத்து வெள்ளைக் கோடு போட்டேன். கரையோரச் சேற்றில் ஊன்றினேன். தண்ணீர் சரியாக அடிக்கோட்டுக்குக் கீழே நின்றது. மணி பத்து. அளந்து பார்க்கிற பயம், அளக்காத பயத்தைவிடக் கொஞ்சம் சாது.

திரும்பி வந்தபோது பகவதியம்மாள் சொன்னார்: "தண்ணிப் பக்கம் ரொம்ப நிக்காண்டாம் அண்ணாச்சி. முன்ன முதலை உண்டு. இப்ப பாத்தே ரொம்ப நாளாச்சு."

"எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"சாரமில்ல அண்ணாச்சி" என்றார் நீலகண்டன். பரவாயில்லை என்பதற்கு அவர் வாயில் வரும் மலையாளச் சொல் அது. எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். (அன்று மட்டும் பதினான்கு முறை.)

அதற்குப் பிறகு நான் பன்னிரண்டாவது எட்டைத் தாண்டி இறங்கவில்லை. அங்கேயே நின்று, தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். பன்னிரண்டரை மணிக்குத் தண்ணீருக்கு மேலே ஒன்பது கோடு. இரண்டு மணிக்கு ஏழு. மூன்றரை மணிக்கு நான்கு.

முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. தண்ணீர் ஏறுகிறது. ஏறுகிற வேகமும் ஏறுகிறது.

மெதுவாக ஆரம்பித்தேன். "தண்ணி கொஞ்சம் ஏறுற மாதிரி இருக்கே?"

"அணையில்லியா, ஏறும், இறங்கும். சாரமில்ல. கேரம் ஆடலாமா?"

அனந்துவும் சிரித்தான். "டென்ஷன் அடிக்காதீங்க அங்கிள். மழை வந்தா நல்ல ரசமாயிருக்கும்."

பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடிவதற்குள் வீடு தண்ணீருக்குள். இதை எப்படிச் சொல்வது? முதல் தடவையாக வந்த வீட்டில் நின்றுகொண்டு, உங்கள் வீடு முழுகப்போகிறது என்று வாயைத் திறந்தால் கல்யாணம் நடக்குமா? சொல்லாவிட்டால் கல்யாணத்துக்கு ஆள் இருக்குமா?

நாலரை மணிக்குக் கோடு ஒன்றே ஒன்று. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் சரிந்தேன்.

அடுத்த நான்கு நிமிடத்தில் என்னைக் காரில் ஏற்றிவிட்டார்கள். சித்ரா அழுதாள். அந்த அழுகையை நினைத்தால் இன்றும் என் காது சுடும். பகவதியம்மாள் மட்டும் வாசலிலேயே நின்றார். "நீங்க போங்க, நான் வீட்டைப் பூட்டிட்டு ஆட்டோவுல வாறேன்."

நான் மூச்சுத் திணறலுக்கு நடுவே கையை உயர்த்தினேன். "அவங்களும் வரணும். அவங்க ஏறாம வண்டி நகரக் கூடாது."

சாகப்போகிறவனின் கடைசி விருப்பம் என்று நினைத்து அவர் ஓடிவந்து ஏறிக்கொண்டார். எண்ணினேன். ஐந்து பேர். கண்ணை மூடினேன். வண்டி மேட்டில் ஏற ஏற என் முகம் தெளிந்துகொண்டே வந்ததாம். அதைப் பார்த்து எல்லாரும் இன்னும் பயந்துபோனார்களாம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் கைகால்களிலும் வயர்களை ஒட்டினார்கள். (மொத்தம் பத்து.) டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஒரு குழப்பமும் இல்லை" என்றார். அப்பாடா என்று சுவரோரம் உட்கார்ந்த பகவதியம்மாள் திடீரென்று தலையில் கை வைத்தார்.

"ஐயோ, நாலு வராலையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேனே. அண்ணாச்சி ஆசைப்பட்டாரேன்னு மீன் பிடிக்கிற வள்ளக்காரன்கிட்ட சொல்லி ஒவ்வொண்ணா வாங்கி, உயிரோட வலைப்பையில போட்டு வச்சேன்."

"எங்க வச்சீங்க ஆன்ட்டி?" என்றாள் சித்ரா.

"தண்ணியிலதான். ஆரோ ஒரு கம்பு நட்டிருந்தாவ, கோடு கோடா போட்டு. அதுல கட்டினேன். ஒவ்வொரு மீன் போடும்போதும் இழுத்து ஆட்டுச்சு. கல்லை எடுத்து கம்பைச் சேத்துக்குள்ள நல்லா அடிச்சு அடிச்சு எறக்கினேன்."

சித்ரா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

வயர்களோடு படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கம்பு கெடக்கட்டும். கரை எங்க இருந்துச்சுன்னு பாக்கலியா நீங்க?" என்றாள் சித்ரா.

கரை காலையில் இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது. அதில் நான் கோடு போடவில்லையே.

நீலகண்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சாரமில்லை என்று அவர் சொல்லாதது அந்த இரண்டு நாட்களில் அந்த ஒரு தடவைதான். என் மகள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் நெஞ்சுவலிக்காரனின் மகளை யார் எடுப்பார்கள்? என் நாடியை நானே பிடித்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. இப்போதுதான் அந்த மெஷினை வைத்திருக்க வேண்டும்.

பகவதியம்மாள்தான் வாயைத் திறந்தார். "அப்பம் அதுக்குத்தான் என்னை விட மாட்டேன்னு சொன்னீங்களா? வெள்ளம் வருதுன்னு நெனச்சும், அஞ்சு பேரையும் எண்ணிட்டுத்தான் வண்டிய எடுக்கச் சொன்னீங்களா?" கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களா இருந்தா என்னை எண்ணியிருப்பீங்களா?"

நீலகண்டனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது நான் சம்பந்தி வீட்டுக்குப் போனால் பகவதியம்மாள் குழம்புச் சட்டியும் கரண்டியுமாக நின்று, "எத்தனை கோடு விடட்டும் அண்ணாச்சி?" என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன மாதம் எனக்கு நிஜமாகவே நெஞ்சைப் பிடித்தது. (வாயு.) மனைவி தொலைக்காட்சியிலிருந்து பார்வையை எடுக்காமலே, "இப்ப எந்த அணை?" என்றாள்.

உண்மையிலேயே வந்தால் எப்படி நம்பவைப்பது என்று யோசித்து நான்கு வழிகளை எழுதி, வரிசை எண் போட்டு, அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அஞ்சாவதா, கட்டில் பக்கத்துல ஒரு கம்பு நட்டு வையுங்க" என்றாள்.